36 துளைகளும் ஒரு திருகும்: பனித்தடுப்பு இறக்கை மாதிரி

இறக்கைப் பனித்தடுப்பு மாதிரி ஒருவழியாக வேலை செய்கிறது. மைனஸ் 18 டிகிரி குளிர் அறையில், முன்விளிம்பில் படிந்த 2 மி.மீ. பனியை உருக்கிக் காட்டிவிட்டது. உருகிய நீர் பின்னால் ஓடி மறுபடியும் உறைந்தது. அது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. காரணத்தை உரிய இடத்தில் சொல்கிறேன். வேறு யாராவது செய்து பார்க்க விரும்பினால் உதவட்டும் என்று அளவு, செலவு எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

விமானப் பராமரிப்புப் படிக்கும் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். பனித்தடுப்புப் பாடம் வந்தாலே, "சென்னையில் ஏது மேடம் பனி?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். தண்டையார்பேட்டையில் 33 டிகிரி வேர்க்கும் நாளிலும் தலைக்கு நேர்மேலே 5 கிலோமீட்டரில், அதாவது 16,000 அடியை ஒட்டி, வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்கிவிடுகிறது. அதற்கும் மேலே மழைமேகத்துக்குள் உறையாமல் திரவமாகவே மிதக்கும் துளிகள் இறக்கையில் மோதியவுடன் பனியாகின்றன. மீனம்பாக்கத்தில் ஏறும் ஒவ்வொரு ஜெட் விமானமும் இந்த அடுக்கைக் கடந்துதான் போக வேண்டும். இதைச் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். ஆனால் இறக்கையின் முன்விளிம்பில் நகரும் பாகமான ஸ்லாட்டுக்கு உள்ளே கிடக்கும் சூடான காற்றுக் குழாயை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத பொருளில் பழுது தேடச் சொல்வது நியாயமில்லை என்று தோன்றியதால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

எடுத்துக்கொண்டது சூடான காற்று முறை மட்டும். ஏடிஆர் போன்ற விமானங்களில் முன்விளிம்பில் ஒட்டிய ரப்பர் உறைகள் உப்பிப் பனியை உடைக்கும், 787-ல் மின்சாரத்தால் சூடேற்றுவார்கள். அவை வேறு பாடம். ஏ320 வகையில் எஞ்சின் கம்ப்ரஸரிலிருந்து பிரித்தெடுக்கும் காற்று, ஏறத்தாழ 200 டிகிரிக்கும் 44 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் சீராக்கப்பட்டு, வால்வைத் தாண்டி ஒவ்வோர் இறக்கையிலும் வெளிப்பக்க மூன்று ஸ்லாட்டுகளுக்குப் போகிறது. 737-800-ல் சூடேறுவது உட்பக்க மூன்று. ஸ்லாட்டுக்குள் நீளவாக்கில் கிடப்பது பிக்கலோ குழாய். அதன் சிறு துளைகளிலிருந்து பீறிடும் காற்று முன்விளிம்புத் தகட்டின் உட்புறத்தில் அறைந்து சூட்டைக் கொடுத்துவிட்டு, கீழ்ப்பக்கத் துவாரங்கள் வழியே வெளியேறுகிறது.

செம்புதாஸ் தெருவில் 304 ரக எவர்சில்வர் குழாய் வாங்கினேன்: வெளிவிட்டம் 19 மி.மீ., சுவர் 1.2 மி.மீ., மீட்டர் 480 ரூபாய். இரண்டு மீட்டர் வாங்கியது பிறகு கைகொடுத்தது. அலுமினியத் தகடு 1.2 மி.மீ. கனம், 600-க்கு 450 மி.மீ. துண்டு, 750 ரூபாய். விமானத் தரத் தகடு அங்கே கிடைக்காது. இந்த வேலைக்குத் தேவையும் இல்லை.

முன்விளிம்பின் வளைவுக்கு அச்சு செய்ய ஒரு தச்சர் 2,000 ரூபாய் கேட்டார். 50 மி.மீ. பிவிசி குழாயைப் பலகையில் இறுக்கிக் கட்டி, தகட்டை அதன் மேல் வைத்து இருபுறமும் மரக்கட்டையால் அழுத்தி வளைத்தோம். கையை எடுத்ததும் தகடு சற்று விரிந்து, உட்புற ஆரம் 28 மி.மீ.யில் நின்றது. அதுவே போதுமானது. பின்சுவருக்கும் இரு பக்கச் சுவர்களுக்கும் அதே தகடு. ஒரு பக்கச் சுவரை மட்டும் ரிவெட் அடிக்காமல் நட்டு-போல்ட்டில் மாட்டினேன், திறந்து காட்டுவதற்காக. கீழ்ப்பக்கம் 10 மி.மீ. அளவில் 8 வெளியேற்றத் துவாரங்கள்.

வேலை நடந்தது பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு லேத் பட்டறையில். பட்டறைக்காரர் என் அப்பா வயதுக்காரர். குழாயில் மூன்று வரிசையாகப் புள்ளி குறித்துக் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புல்லாங்குழல் என்றால் ஒரு வரிசைதானே அம்மா? இதை எந்தப் பக்கம் வாய் வைத்து ஊதுவது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டிரில்லை ஓடவிட்டார்.

முதல் குழாயில் 2.5 மி.மீ. துளைகள் 48 போட்டோம். எவர்சில்வரில் பெரிய துளை போடுவது எளிது, அதனால்தான் அந்த அளவு. ஒரு முனையை அடைத்து, மறு முனையில் கம்ப்ரஸர் காற்றை விட்டு, ஒவ்வொரு துளைக்கும் எதிரே மெல்லிய டிஷ்யூ காகிதக் கீற்றைப் பிடித்தோம். காற்று நுழையும் பக்கம்தான் வேகமாக அடிக்கும், போகப்போகக் குறையும் என்று பட்டறையில் இருந்த எல்லோருமே சொன்னோம். நடந்தது தலைகீழ். நுழைவுப் பக்கத் துளைகளில் கீற்று சோம்பலாக அசைந்தது. அடைத்த முனையில் படபடத்தது. நுழைவுப் பக்கத்தில் வந்த காற்றும் தகட்டுக்கு நேராகப் போகாமல் முன்னோக்கிச் சாய்ந்து போயிற்று.

கணக்குப் போட்டதும் விளங்கியது. குழாயின் உள்விட்டம் 16.6 மி.மீ., குறுக்குப் பரப்பு 216 சதுர மி.மீ. 48 துளைகளின் மொத்தப் பரப்பு 236. குழாயின் வாயைவிட வழியும் வாய்கள் பெரிது. அப்படிப்பட்ட குழாயில் அழுத்தம் தங்காது. காற்று ஓடுகிற வேகத்தில் முதல் துளைகளைத் தாண்டிப் போய், முட்டுச்சுவரில் நின்று, அங்கே அழுத்தம் ஏறி வெளியேறும்.

இரண்டாவது மீட்டர் குழாய்க்கு இங்கேதான் வேலை வந்தது. துளை 1 மி.மீ., வரிசைக்கு 12 வீதம் 36, இடைவெளி 50 மி.மீ., இரு முனையிலும் 25 மி.மீ. விட்டு. ஒரு வரிசை நேரே முன்விளிம்பின் நுனியை, அதாவது மூக்கைப் பார்க்கும்; மற்ற இரண்டும் மேலும் கீழும் 45 டிகிரி. மொத்தப் பரப்பு 28 சதுர மி.மீ., அதாவது குழாய்ப் பரப்பில் எட்டில் ஒரு பங்கு. இப்போது கீற்று எல்லாத் துளையிலும் ஒரே மாதிரி துடித்தது.

1 மி.மீ. துளை போடுவது பற்றி ஒரு பத்தி தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் அதிகப் பணமும் பொறுமையும் அங்கேதான் போயின. சாதாரண ஹெச்.எஸ்.எஸ். பிட்டுகள் பல்லி வால்போல ஒடிந்து விழுந்தன. லிங்கி செட்டி தெருவில் கோபால்ட் பிட் வாங்கினேன், ஒன்று 110 ரூபாய். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: பிட் வெட்டாமல் உரசிக்கொண்டு மட்டும் நின்றால் அந்த இடத்தில் எவர்சில்வர் இறுகிவிடும், பிறகு எந்தப் பிட்டும் இறங்காது. சென்டர் பஞ்சில் அழுத்தமாகக் குறி, ஒரு சொட்டு கட்டிங் ஆயில், சிறிது இறக்கி உடனே மேலே தூக்கித் துருவலை வெளியே விட்டு மறுபடி இறக்குவது. பட்டறைக்காரர் இந்தத் தாளத்தைப் பிடித்த பிறகு பிட் ஒடிவது நின்றது. துளை போட்டபின் குழாயின் உள்ளே பிசிறு நிற்கும். கம்பியில் எமரித் தாளைச் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தோம். ஒரே ஒரு துளையில் பிசிறை விட்டுப் பார்த்தேன். காற்று ஒரு பக்கமாகச் சாய்ந்தே வந்தது.

குழாயைத் தகட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பது அடுத்த கேள்வி. முதலில் வளைவின் நடுவில், மூக்கிலிருந்து 18 மி.மீ. தள்ளி மாட்டியதில் தகட்டில் சூடு மந்தமாக ஏறியது. தாங்கிகளில் நீள்துளை போட்டு 10 மி.மீ.க்கு முன்னே தள்ளியதும் அதே காற்றுக்கு மூக்கு 15 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சூடேறியது. தாங்கிகளை ஆரம்பத்திலேயே நகர்த்தத் தக்கதாகச் செய்வது நல்லது.

ஸ்லாட் முன்னும் பின்னும் நகரும் பாகம் என்பதால் அதற்குக் காற்று கொண்டுபோகும் குழாய் ஒன்றுக்குள் ஒன்று நீண்டு சுருங்க வேண்டும். என் மாதிரியிலும் அப்படி ஓர் இணைப்பு வைத்தேன். லேத்தில் கடைந்த உறை, உள்ளே ஓ-ரிங். கடையில் கொடுத்த கறுப்பு நைட்ரைல் ரிங் சூடான காற்றில் சீக்கிரமே விறைத்து, விரிசல் விட்டுக் கசிந்தது. சிலிக்கான் ரிங் 25 ரூபாய்தான், இன்றுவரை தாங்குகிறது. கசிவைக் காதால் கேட்க முடியவில்லை. பட்டறைச் சத்தம் அப்படி. குளிர்ந்த நிலையில் சோப்பு நீர் தடவினால் குமிழி வருகிறது. சூடாக இருக்கும்போது ஊதுபத்திப் புகையை அருகே கொண்டுபோனால் போதும், புகை முறியும் இடம் கசியும் இடம்.

கம்ப்ரஸர் பட்டறையினுடையது, 2 ஹெச்.பி. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 லிட்டர் காற்று தருகிறது, நொடிக்கு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு காற்றை 33 டிகிரியிலிருந்து 165 டிகிரிக்குக் கொண்டுபோக 500 வாட் போதும். இழப்பையும் சேர்த்து 1,000 வாட் ஃபின் ஹீட்டரை 38 மி.மீ. எவர்சில்வர் குழாய்க்குள் வைத்தேன். டெம்பரேச்சர் கன்ட்ரோலர், கே-வகை தெர்மோகப்பிள்கள் எல்லாம் ரிச்சி தெருவில். தெர்மோகப்பிள்களை ஐஸ் தண்ணீரிலும் கொதிநீரிலும் போட்டுச் சரிபார்த்தேன். ஒன்று 4 டிகிரி கூடுதலாகக் காட்டியது, அதைத் தள்ளிவைத்தேன். அழுத்த சுவிட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும்: காற்று நின்றால் ஹீட்டரும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஹீட்டர் செக்கச்செவேலெனக் காய்ந்து தன்னையே எரித்துக்கொள்ளும். பாதுகாப்பு வால்வும் உண்டு. இதில் கஞ்சத்தனம் கூடாது.

பட்டறையில் முதல் சூடு ஓட்டம்: நுழையும் காற்று 165 டிகிரி, குழாய் அழுத்தம் 0.2 பார். மூக்குத் தகட்டில் நுழைவுப் பக்கம் 88, நடுவில் 84, கடைசியில் 77. கடைசிப் பக்கம் குறைவது இயல்பு. குழாயில் ஓடும்போதே காற்று சூட்டை இழக்கிறது. எதிர்க்காற்று இல்லாமல் இதை விட்டுவைத்தால் தகடு ஏறிக்கொண்டே போகிறது. ஏ320-ல் தரையில் இறக்கைப் பனித்தடுப்புக்கான விங் பொத்தானை அழுத்தினால் வால்வு 30 நொடி மட்டும் சோதனைக்காகத் திறந்து தானே மூடிக்கொள்வதன் காரணத்தை மாணவர்களுக்கு விளக்க இந்த எண்ணைக் காட்டுகிறேன். பறக்கும்போது குளிர்விக்கும் காற்று தரையில் கிடையாது.

அடுத்தது காசிமேடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அங்கே ஒரு மீன் சேமிப்புக் கிடங்கில் ஓர் அறை காலியாக இருந்தது. 1,500 ரூபாய் வாடகைக்கு ஒரு பகல் கொடுத்தார்கள். கம்ப்ரஸரும் ஹீட்டரும் வெளியே, மாதிரி உள்ளே என்று திட்டம். கதவின் ரப்பர் சட்டம் ஹீட்டரிலிருந்து வரும் சூடான குழாயில் உருகிவிடும் என்று கிடங்குக்காரர் மறுத்ததால், ஹீட்டரையும் உள்ளே வைத்து, கம்ப்ரஸரிலிருந்து சாதாரண ரப்பர் ஹோஸை மட்டும் கதவிடுக்கில் நுழைத்தோம். சிறிது நேரத்தில் அழுத்தமானி இறங்கி, காற்று நின்றேவிட்டது. கடலோரக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? கம்ப்ரஸருக்குள் அமுக்கும்போது அந்த ஈரம் நீராகி ஹோஸில் வந்து, மைனஸ் 18-ல் கட்டியாகி அடைத்துக்கொண்டது. பனித்தடுப்புச் சாதனம் பனியால் அடைபட்டது என்று பட்டறைப் பையன் சிரித்தான், சிரிக்கட்டும்.

டாங்கியின் அடியிலிருந்த நீரை வடித்துவிட்டு, இடையில் நீர்ப்பிரிப்பானும் சிலிக்கா ஜெல் குப்பியும் சேர்த்து, ஹீட்டரைக் கதவுக்கு வெளியிலேயே வைத்து, எவர்சில்வர் பின்னலிட்ட நெகிழ்குழாயைக் கண்ணாடி இழைப் பட்டையால் கனமாகச் சுற்றி உள்ளே கொண்டுபோனோம். கதவுச் சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவில் செராமிக் பஞ்சு. அதன் பிறகு தடையில்லை.

செடிக்கு மருந்து அடிக்கும் கைத்தெளிப்பானில் குளிர்ந்த நீரை நிரப்பி, அறை விசிறிக்கு எதிரே வைத்த முன்விளிம்பில் மெல்ல மெல்லத் தெளித்துப் பனி ஏற்றினோம். மேகத்தில் இருப்பவை பெரும்பாலும் 15 முதல் 40 மைக்ரான் துளிகள். கைத்தெளிப்பானின் துளிகள் அவற்றைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் எங்களுக்குக் கிடைத்தது கண்ணாடி போன்ற, மேடுபள்ளமான படலம். 2 மி.மீ. ஏறியதும் சூடான காற்றைத் திறந்தோம். இரண்டு நிமிடம் கழித்துத் தகட்டுக்கும் படலத்துக்கும் இடையே ஈரம் ஊர்வது தெரிந்தது. நாலரை நிமிடத்தில் மூக்கு சுத்தம். நீர் கீழ்ப்பக்கமாக வழிந்து, சூடு எட்டாத பின்பகுதியில் போய் வரப்பாக உறைந்து நின்றது. விமானத்திலும் நடப்பதே இது: சூட்டால் நீரை முழுவதும் ஆவியாக்க முடியாவிட்டால் அது பின்னோக்கி ஓடி, பாதுகாப்பு இல்லாத இடத்தில் மறுபடி உறையும். கரும்பலகையில் படம் போட்டு விளக்கிச் சலித்த விஷயம் கண்ணெதிரே நடந்ததுதான் நான் மேலே சொன்ன மகிழ்ச்சி.

ஆனால் இந்த மாதிரி தன் செலவைத் திருப்பிக் கொடுத்தது குளிர் அறையில் அல்ல, வேண்டுமென்றே பழுது வைத்துப் பார்த்த ஓட்டங்களில். குழாயின் அடைத்த முனையில் 6 மி.மீ. துளையும் அதை மூடும் திருகும் வைத்திருக்கிறேன். 6 மி.மீ. துளை ஒன்றின் பரப்பு, 1 மி.மீ. துளைகள் 36-இன் பரப்புக்கு மிகச் சரியாகச் சமம். திருகைக் கழற்றினால் பாதிக் காற்று அதன் வழியே போய்விடும். கழற்றினேன். அழுத்தம் 0.2 பாரிலிருந்து 0.05 ஆனது. நுழைவுப் பக்கம் 88-லிருந்து 66, நடுவில் 84-லிருந்து 61, கடைசியில் 77-லிருந்து 68. கசியும் முனைக்கு அருகில்தான் இழப்பு மிகக் குறைவு, ஏனென்றால் கசிந்த சூடான காற்று அங்கேயே சுற்றுகிறது. எண்களை மட்டும் பார்க்கும் மாணவர் நடுப்பகுதித் துளைகள் அடைபட்டிருக்கின்றன என்று எழுதிக் கொடுப்பார். எழுதியும் கொடுத்தார்கள். தகடு குளிர்ந்திருக்கும் இடமும் பழுது இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பிறகு ஊசி வால்வைத் திறந்து அழுத்தத்தை மறுபடி 0.2-க்குக் கொண்டுவந்தேன். அழுத்தமானி நலம் என்றது. தகட்டுச் சூடும் திரும்பத் தொடங்கியது. ஆனால் காற்று இரண்டு மடங்கு செலவாகி, கம்ப்ரஸர் மூச்சு வாங்கி, ஹீட்டர் பின்தங்கியது. விமானத்தில் காற்றைத் தருவது எஞ்சின். அதற்கு இப்படி மூச்சு வாங்காது. அழுத்தத்தை மட்டும் நம்பினால் கசிவு மறைந்துவிடும். குழாய்ப் பாதை நெடுக, கசியும் சூட்டை உணரும் கம்பி வளையங்கள் ஓடுவது இதனால்தான். ஏ320-ன் இறக்கையில் அவை இரட்டையாக ஓடுவது பொய் எச்சரிக்கையைத் தவிர்க்க. என் மாதிரியில் 120 டிகிரி பைமெட்டல் சுவிட்சுகள் இரண்டைத் தொடராக இணைத்து விளக்கு வைத்தேன், ஒன்று 40 ரூபாய். இரண்டும் உணர்ந்தால் மட்டுமே விளக்கு எரியும்.

வெளியேற்றத் துவாரங்களை அலுமினிய டேப்பால் அடைத்தும் பார்த்தேன். எட்டில் ஆறை அடைத்தும் மொத்த ஓட்டத்தில் பெரிய மாற்றம் இல்லை. மிச்சம் இரண்டும் 157 சதுர மி.மீ.; உள்ளே வரும் வழியோ 28 மட்டுமே. மாறியது காற்று போகும் பாதை: திறந்திருந்த பக்கத்தில் சூடு கூடி, மூடிய மூலை குளிர்ந்தது. உண்மையான ஸ்லாட்டின் கீழ்ப்பக்கத் துவாரங்களில் பெயிண்ட்டோ சீலன்ட்டோ நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லும்போது இனி நான் அலட்சியமாகச் சொல்ல மாட்டேன்.

ஹேங்கரில் இப்போது மாணவர்களை இந்த வரிசையில் பார்க்க வைக்கிறேன்: பராமரிப்புக் கையேட்டின்படி ஸ்லாட் நகராதபடி பாதுகாப்பு செய்தபின், கீழ்ப்பக்கத் துவாரங்கள், முன்விளிம்பில் நசுங்கல், நிறம் மாறிய தகடு, நீண்டு சுருங்கும் குழாயின் சீல், அதில் தேய்ந்த கோடு ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதா, கிளாம்புகள், வளையங்கள் எங்காவது உரசுகின்றனவா. அளவு வரம்புகளுக்குக் கையேடு மட்டுமே. என் மாதிரியின் எண் எதையும் விமானத்துக்கு எடுத்துப் போகக் கூடாது.

செலவு: குழாய், தகடு, ரிவெட் 2,300. பிட்டுகள் 1,400. ஹீட்டர், கன்ட்ரோலர், சுவிட்சுகள், தெர்மோகப்பிள்கள் 5,600. நெகிழ்குழாய், வால்வுகள், நீர்ப்பிரிப்பான் 4,200. லேத் கூலி 3,000. பாதியை வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். குளிர் அறையும் சரக்கு ஆட்டோவும் 2,700. ஆக 19,200 ரூபாய், மீன் வாடை இலவசம்.

அடுத்த முறை முதலில் மாற்றப்போவது பக்கச் சுவர். அலுமினியத்துக்குப் பதில் வெப்பம் தாங்கும் கண்ணாடி வைத்தால் கழற்றாமலே உள்ளே பார்க்கலாம். திருகை முனையில் மட்டுமன்றி நடுவிலும் நுழைவிலும் ஒவ்வொன்று வைக்க வேண்டும். மாணவர்கள் விடையை மனப்பாடம் செய்துவிட்டார்கள். கம்ப்ரஸர் தொடர்ந்து ஓடினால் சூடேறி நிற்கிறது; 3 ஹெச்.பி. ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் தேடிக்கொண்டிருக்கிறேன். மூலக்கடைப் பக்கம் ஒருவர் 14,000 சொல்கிறார், 11,000-க்கு மேல் கொடுப்பதாக இல்லை.